நாணலுக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பாப்பா எழுதுகிறேன். நீயும் மாமாவும் பெண்ணும் சுகம்தானே? உன் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்து, பிள்ளை பிறந்ததற்கு ஒரு சட்டை, அதோடு தலைமுழுகியவள் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். நினை. வாய்விட்டுத் திட்டவும் செய். திட்டி முடித்தபின் மீதியைப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேள்.

அம்மா படுத்துவிட்டாள். பல் தேய்க்கப் போனவள் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம் என்றார்கள். இடது கையும் காலும் வரவில்லை, பேச்சு பாதிதான் வருகிறது. காது மட்டும் முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். நான் அழுதால் அவளும் அழுவாள், அப்புறம் இரண்டு பேர் மூக்கையும் யார் துடைப்பது?

நீதிமன்றத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். என் தட்டச்சு மேசையில் வேறொருத்தி உட்கார்ந்தாகிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன். முதலில் வந்தவள் அம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்தே திருப்பினாள். அடுத்து வந்தவள் போனும் கையுமாகப் பால்கனியிலேயே குடித்தனம் நடத்தினாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வாரம் தவறாமல் கூப்பிட்டு, "தைரியமா இரு அக்கா" என்கிறான். தைரியத்தை என்ன, கரைத்து அம்மாவுக்கு ஊட்டவா?

காலையில் எழுந்து அடுப்படிக்குப் போகவே எனக்கு அழுகை வருகிறது. அம்மா கண் விழித்ததும் சொல்லும் முதல் வார்த்தை "குட்டீ." அடுப்படியைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள். நான் போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெற்ற பெண் நான் இருக்கிறேன், ஆனால் அவளுக்கு வேண்டியது நீ. எனக்குப் பொறாமையாகக்கூட இல்லை அக்கா. பொறாமைப்படவும் தெம்பு வேண்டுமே.

வந்துவிடேன். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. மாமா ஒண்டியாகச் சமாளிப்பார். சம்பளம் என்று நான் வாயெடுத்தால் நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். நம் வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளமா என்று அம்மாவும்தான் எப்போதும் சொல்வாள். ஆகவே அந்தப் பேச்சே இல்லை. நீ வந்து நின்றால் போதும்.

களைத்துப்போன
உன் பாப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இதை எழுதுவது உங்கள் அக்காவின் பெண். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா மூச்சு விடாமல் பேசுவார், ஆகவே முற்றுப்புள்ளிகள் எல்லாம் என் கைங்கரியம். அடைப்புக்குறிக்குள் எது வந்தாலும் அது நான்.

பாப்பா, உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மாவா விழுந்தார்? ஒரு நாள் தலைவலி என்று படுத்துப் பார்த்ததில்லையே அவரை. எனக்கு அவர் குரல்தான் நினைவு. எந்த அறையில் இருந்தாலும் அந்தக் குரல் வந்து தோளைத் தட்டும்.

என் பாடு உனக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து விழும். ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி என்று முதலில் பிரிக்க வேண்டும். துவைக்க மெஷின் இருக்கிறது, ஆனால் மெஷினுக்குப் போடவும் எடுக்கவும் மனுஷிதான். ஈரத் துணி கனக்கும் கனம் இருக்கிறதே, அப்பா! உலர்ந்த விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலையைப் பிடித்து உதறி மடிப்போம். எனக்கு எதிரே நிற்பவள் நெட்டைக்கொக்கு. அவள் உயரத்துக்குக் கையைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. ஆனாலும் மணியடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அது ஒரு சுகம்.

உடனே வருகிறேன் என்று சொல்ல ஆசைதான். இவளுக்குப் பரீட்சை வருகிறது. சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். இவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். அடிமைகளைப் பற்றிய பழைய கதையாம். இரண்டு பக்கம் படித்துக் காட்டினாள். "அட, இது எங்க கதைடி!" என்று கத்திவிட்டேன். நீ எனக்கு அடுப்படியில் படித்த கதை பாப்பா அது! நீ மாவு டப்பா மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாய். நான் பூண்டு உரிப்பேன். கரும்புத் தோட்டக்காரன் விலைக்கு வாங்கின அந்தச் சமையல்காரி! பொழுது விடியுமுன் எழுந்து பெரிய வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாளே, அவள்தான். அவளைத் தூணில் கட்டி அடித்த இடத்தில் நாம் இரண்டு பேரும் விக்கி விக்கி அழுதோம். வாசற்படியில் நின்று கேட்ட பெரியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷ ஜென்மமா அவனுங்க! ஒரு பொண்ணை இப்படியா வதைப்பாங்க?" என்றார். அப்புறம், "குட்டி, பால் பொங்குது பார், என்ன வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கே" என்றார்.

முடிவு எனக்கு மனப்பாடம். நாணல் காட்டைத் தாண்டினால் விடுதலையானவர்கள் குடியிருக்கும் மேடு. அவள் கிளம்பிவிடுவாள். சதுப்பில் இடுப்பளவு தண்ணீர் வந்ததும், பெரிய வீட்டுக் குழந்தை ஜுரத்தில் தன்னைத் தேடி அழுவது ஞாபகம் வந்து திரும்பி நடப்பாள்.

(முடிவைப் போட்டு உடைத்துவிட்டார்! நான் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அதுவும் திரும்பிப் போகிற முடிவா? அவ்வளவு தூரம் நடந்துவிட்டு? எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.)

பெரியம்மாவிடம் குட்டி கேட்டதாகச் சொல்.

அன்புடன்
உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெட்டைக்கொக்கு என்ற இடத்தில் அவள் வாயின் வலது பக்கம் சிரித்தது. இந்த வீட்டில் யாராவது சிரித்து எத்தனையோ நாள் ஆகிறது. "வரா...ளா?" என்று கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அம்மாவின் முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. படுக்கைப் புண்ணாக மாறும் என்று டாக்டர் பயமுறுத்துகிறார். திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்கிறார். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. அவள் என்னைவிட இரண்டு மடங்கு கனம். நேற்று அவளைத் திருப்பப் போய் நானே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அம்மாவைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று இருந்தது.

அடுப்படியை ஒட்டின சாமான் அறையை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டேன். நீ படுக்கும் மூலையில் இருந்த பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட்டாயிற்று. உன் பெண்ணுக்கென்று ஒரு பலகைகூட அடித்துவைத்திருக்கிறேன், புத்தகம் வைத்துக்கொள்ள.

புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பழைய கதையெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு? ஒரே அழுமூஞ்சிக் கதை. பாதியில் நிறுத்தினால் ஒன்றும் பாவமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பார்க்கச் சொல்.

சூப்பர்வைசர் என்ன சொன்னார்? எழுது. நான் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
பாப்பா


மார்ச் 6

பாப்பாவுக்கு அக்கா எழுதுவது.

நீண்ட விடுப்பெல்லாம் கிடையாது, வேண்டுமானால் நின்றுகொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்படியானால் நின்றுகொள்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். நெட்டைக்கொக்கு அழுதாள். இனி யாரோடு விரிப்பு மடிப்பேன் என்கிறாள்.

இவள் அப்பா லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. பத்து வருஷமாகப் பார்த்த வேலை போகிறதே என்றுதான் அவருக்கு வருத்தம். அதைக்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை, தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார்.

(நான் வாயைத் திறந்து சொன்னேன். வரமாட்டேன் என்றேன். என் தோழிகள், என் பள்ளிக்கூடம், எல்லாம் இங்கேதானே இருக்கிறது சித்தி? கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இவளுக்குப் புரியவில்லை பாப்பா. சின்னப் பெண். நான் ஏன் வருகிறேன் என்று உனக்குச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அண்ணன் ஒரு தரம் வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையோடு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினானே. எனக்கு அப்போது பதினாறு. நூற்பாலையில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பிடித்திருக்கிறேன், அம்மாவும் வந்துவிட்டாள், நீயும் வா, ஆலைக்காரர்களே சாயங்காலத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்றான். பெரியம்மா, "போறதுன்னா போ, நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்?" என்றார். நான் பையைக் கட்டிவிட்டேன். இரண்டு பாவாடை, ஒரு சீப்பு. அன்றைக்கு உனக்கு ஜுரம். உள்ளேயிருந்து அக்கா அக்கா என்று நீ முனகுவது வாசல்வரை கேட்டது. எனக்கு அந்தச் சமையல்காரி ஞாபகம் வந்துவிட்டாள். அடி வாங்கினவளே ஒரு குழந்தைக்காகத் திரும்பினாளே, இங்கே உன்னை யாரும் ஒரு அடி அடித்ததில்லையே, நீ போய்விடுவாயா என்று மனசு கேட்டது. பையை அவிழ்த்துவிட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. என் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்போதே திரும்பினவள் இப்போது வராமல் இருப்பேனா? இந்த மாதக் கடைசியில் கிளம்பிவிடுகிறோம். பெரியம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

அன்புடன்
உன் அக்கா

(அந்தப் புத்தகத்தைத் தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு வாய்விட்டுப் படிக்கிறேன். கடைசி மூன்று அத்தியாயங்கள்தான் பாக்கி. அந்தக் குழந்தை மட்டும் இன்னும் கதைக்குள் வரவே இல்லை. "கொழந்தை எப்போடி வரும்?" என்று அம்மா நச்சரிக்கிறார். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா சித்தி, எந்த அத்தியாயத்தில் வரும்?)


மார்ச் 14

அக்கா,

வயிற்றில் பாலை வார்த்தாய்! அம்மாவிடம் சொன்னேன். நல்ல கையால் என் கன்னத்தைத் தடவினாள். படுத்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

மாதக் கடைசிவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? வேலையை விட்டாயிற்று, அங்கே இனி என்ன இருக்கிறது? இந்த வாரமே கிளம்பிவிடு. சாமான் சட்டி ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே. பள்ளிக்கூடப் புத்தகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல் பெண்ணை. படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கொடுத்துவிடட்டும். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு?

பரீட்சை எங்கே ஓடிப்போகிறது? பெண் வந்து முதலில் வீட்டோடு பழகட்டும். உனக்கும் கைக்கு உதவியாக இருக்கும், நீ எப்போதும் ஒண்டியாகவே கஷ்டப்பட்டவள். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வேன். அதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நீ வரும் அன்றைக்கு முதல் காரியமாக என்ன செய்யப் போகிறேன் தெரியுமா? தூங்கப் போகிறேன்.

ஆசையோடு
உன் பாப்பா


மார்ச் 22

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் அடைப்புக்குறி வராது. வாயை மூடிக்கொண்டு எழுது என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் வரவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிவரை காத்திருக்க வேண்டாம். இனிமேல் காரணம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இவள் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவள் அப்பாவும் சட்டையைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். நாணல் காடு வந்தது. சதுப்பு வந்தது. இடுப்பளவு தண்ணீர் வந்தது. "இப்போ பாரு, திரும்பிடுவா" என்றேன். இவள் மேலே படித்தாள். தண்ணீர் மார்புவரை வந்தது. "இப்போ திரும்புவா" என்றேன். கழுத்துவரை வந்தது. மூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். அப்புறம் காலுக்குக் கீழே தரை கெட்டியானது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள், "யாரது?" என்று கேட்டான். அவள் தன் பேரைச் சொன்னாள். அவ்வளவுதான் கதை.

மறுபடி படி என்றேன். படித்தாள். பக்கத்தை விட்டுவிட்டாயா பார் என்றேன். பார்த்தாள். இது வேறு புத்தகமாக இருக்கும் என்று இவளோடு சண்டைக்குப் போனேன். மறுநாள் இவள் வாத்தியாரம்மாவைக் கேட்டு வந்தாள். ஒரே புத்தகம்தானாம், ஒரே முடிவுதானாம். பெரிய வீட்டில் குழந்தையே இல்லையாம், தடிமாடு மாதிரி இரண்டு பிள்ளைகள்தானாம். அதுவும் சரிதான். ஆரம்பத்திலிருந்து கேட்டேனே, ஒரு இடத்திலும் குழந்தை வரவில்லையே.

அந்தக் குழந்தை யார் பாப்பா?

எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்ததை இறக்காமல் கருக விட்டேன், என் வாழ்நாளில் முதல் தடவை. உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைமேல் கோபப்படலாமா என்று இவள் அப்பா கேட்டார். படலாம் என்றேன். எனக்கும் அப்போது பதினைந்துதான். நான் என்ன பாட்டியா? நீ சொன்னதை நம்பினேன். எழுதியிருக்கிறது என்று நினைத்து நம்பினேன். அச்சில் இருக்கிறது, பெரியவர்கள் எழுதினது, நல்லவள் என்றால் இப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

அதைக்கூட ஆறப்போடுவேன். பிள்ளைகள் பயந்தால் பொய் சொல்லும். ஆனால் உன் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதை இவள் படிக்கும்போது இவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. என்னை வேலைக்குக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு உன் வீட்டு வாசலில் என் அம்மாவிடம் பெரியம்மா சொன்ன குரல்தான் கேட்டது. இதே வார்த்தை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அடுத்த வருஷம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அதனால்தான் என் கோபத்தைக்கூட என் பெண்ணின் கையால் எழுத வேண்டியிருக்கிறது. நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். பெரியம்மாவும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலையைத் திரும்பக் கேட்டேன். சூப்பர்வைசர் கொஞ்சம் குதித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். நெட்டைக்கொக்கு புண்ணியவதி, அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவிடாமல் அழிச்சாட்டியம் பண்ணியிருக்கிறாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. பெரியம்மாவைத் தோளைப் பிடித்து இழுக்காதே. முதலில் வராத காலின் முழங்காலை மடக்கு. ஒரு கையை இடுப்பில் வை, இன்னொன்றை முதுகுப் பட்டையில் வை. அவரை உன் பக்கமாக உருட்டு, தள்ளாதே. கனம் தானாக வரும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. எங்களிடம் வரும் விரிப்பைப் பார்த்தாலே சொல்லிவிடுவோம், புண் சுருக்கத்தில்தான் பிடிக்கிறது. தண்ணீர் டம்ளரை நல்ல கை எட்டும் பக்கத்தில் வை. எட்டினால் அவரே எடுத்துக் குடிப்பார், உன்னை எதிர்பார்க்க மாட்டார். சம்பளம் பேசி நல்ல ஆளாகப் பார்த்து வை. மணியடித்தால் வீட்டுக்கு அனுப்பு. நல்ல ஆள் நிற்கும்.

உன்மேல் பாசம் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பரீட்சைக்கு நேரமாகிறது, இவள் படிக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

இப்படிக்கு
அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன். "நான் சின்னப் பிள்ளை, எனக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிப்பேன். கிழித்துப் போடுவேன். நீயே எனக்காக அதைச் சொல்லிவிட்டாய். நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன், நீ பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய். சதுப்பு வந்ததும் உன் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நீ என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை, நீ அங்கே இல்லவே இல்லை. நாளைக் காலையில் நான் எழுந்து வரும்போது நீ இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினேன். அதில் இல்லாததைப் படித்தேன். நீ பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி பூண்டை எடுத்தாய். எனக்கு உயிர் வந்தது. உன் அண்ணன் வந்த நாளில் எனக்கு ஜுரம் நிஜம். ஆனால் முனகலை வாசல்வரை கேட்கும்படி முனகினேன். இதையும் நீ தெரிந்துகொள்.

நான் இதை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன் அக்கா. "குழந்தை எப்போது வரும்" என்று உன் பெண் கேட்டபோது, மறக்கவில்லை என்று தெரிந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். எனக்கு அவ்வளவு களைப்பு. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

நீ சொன்னபடிதான் அம்மாவைத் திருப்புகிறேன். முழங்காலை மடக்கினால் கனம் தானாக வருகிறது. முதுகில் சிவப்பு மறைந்துவிட்டது. ஒரு அம்மாளைச் சம்பளம் பேசி வைத்திருக்கிறேன். சாயங்காலம் மணி ஆனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. இப்போது நானே கதவைத் திறந்துவிடுகிறேன். பகலில் நீதிமன்றத்துக்கும் போகத் தொடங்கிவிட்டேன்.

நூலகத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அம்மாவுக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினேன், தினமும் கொஞ்சம். அடிக்கிற இடத்தில் அவள் பழையபடி அழுதாள். நேற்றுக் காலையில் கடைசி அத்தியாயம். உன் பெண்ணிடம் சொல், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவள் கழுத்தளவு தண்ணீரில் போனாள், கரையேறினாள், பேரைச் சொன்னாள். புத்தகத்தை மூடினேன்.

அம்மா வாயைத் திறந்தாள். உன்னைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டாள்:

"அப்போ... மறுநா... அந்த வீட்ல... அடுப்பு யாரு பத்த வெச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவளை என் பக்கம் உருட்டித் தலையணையைச் சரிசெய்தேன்.

"பொண்ணு பத்த வெச்சாம்மா. அந்த வீட்டுப் பொண்ணு" என்றேன். இதுவும் புத்தகத்தில் இல்லாததுதான்.

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். நேற்று அவள் உன்னைக் கூப்பிடவில்லை.

இப்படிக்கு
பாப்பா